வாக்கில்லாப் பங்கு

"தம்பி, உந்த வங்கி நிண்டு பிடிக்குமோ?"

கூர் நகரின் போஸ்ட்பிளாட்ஸ் சதுக்கத்தில், கிராவ்புண்டன் கன்டோன் வங்கியின் தலைமையகத்துக்கு எதிரே நின்றுகொண்டு அண்ணை இப்படிக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கல் கட்டடத்தைப் பார்த்தால் மலையே பெயர்ந்தாலும் அது பெயராது போலத்தான் இருக்கும். ஆனால் அவர் சிரிக்கவில்லை. இந்த இலையுதிர் காலத்தோடு அவருக்கு ஓய்வு. 30 வருடங்களுக்கு மேல் ஹோட்டல் சமையலறைகளில் நின்று சேர்ந்த பென்சன் காசில் ஒரு பகுதி மொத்தமாகக் கைக்கு வருகிறது. மயிலிட்டியிலிருந்து கிளம்பியபோது மாதம் நூற்றுக்கு மூன்று வட்டிக்குக் கடன் வாங்கி முகவருக்குக் கொடுத்தவர். வட்டியை அவர் கீழிருந்து மேல் நோக்கிப் பார்த்துப் பழகியவர். மேலிருந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை.

என் பிழைப்பு, வட்டி விகிதம் மாறினால் ஒரு வங்கியின் வருமானம் எப்படி மாறும் என்று கணக்கிடும் மென்பொருள்களை நிறுவுவது. வங்கி மாறி வங்கி, ஆலோசகனாக. அதனால் இங்குள்ள சில தமிழ்க் குடும்பங்களுக்கு நான் 'வங்கி தெரிஞ்ச பொடியன்'. 40 வயதைத் தாண்டியும் பொடியன்தான். ஊர் கரூர். சூரிச்சில் மேற்படிப்பு முடித்துவிட்டு, கரூரிலிருந்து ஓர் எழுத்து குறைந்த கூருக்குக் குடிவந்தவன் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள்.

அண்ணையின் கேள்விக்குத் தொழில்முறையில் பதில் சொல்வது எளிது. இந்த வங்கி 1870இல் தொடங்கப்பட்டது. கன்டோனுக்குச் சொந்தம், பெரும்பான்மை மூலதனம் கன்டோன் கையில் இருக்கிறது. வங்கியால் திருப்பித் தர முடியாமல் போனால் கன்டோன் தரும் என்ற அரச உத்தரவாதம் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. கொடுத்திருக்கும் கடன்களில் மிகப் பெரிய பகுதி வீட்டு அடமானக் கடன். 2023 மார்ச்சில் கிரெடிட் சுவிஸ் விழுந்தபோது, பலர் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடியது இப்படிப்பட்ட கன்டோன் வங்கிகளை நோக்கித்தான்.

கரூர்க்காரனாக இன்னொன்றும் சொன்னேன். எங்கள் ஊரில் இரண்டு வங்கிகள் பிறந்தன. 1916இல் கரூர் வைசியா வங்கி, 1926இல் லட்சுமி விலாஸ் வங்கி. இரண்டும் அமராவதிக் கரையின் வணிகர்களையும் நெசவையும் நம்பி வளர்ந்தவை. முதலாவது இன்றும் நிற்கிறது. இரண்டாவது தனக்குப் பழகாத பெரிய நிறுவனக் கடன்களில் இறங்கி, 2020 நவம்பரில் பணம் எடுப்பதற்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டு, அதே மாதம் சிங்கப்பூரின் டி.பி.எஸ். வங்கியின் இந்தியத் துணை நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது. வைப்பு வைத்தவர்களின் பணம் தப்பியது. பங்குகள் வைத்திருந்தவர்களுக்கு ஒரு பைசாவும் மிஞ்சவில்லை. ஊர் வங்கி என்பதாலேயே ஒரு வங்கி நிற்பதில்லை. யாருக்குக் கடன் கொடுக்கிறது, அது போனால் யார் தாங்குகிறார்கள் என்பதுதான் கணக்கு.

"அப்ப இது நிக்கும்," என்றார் அண்ணை.

"நிற்கும். ஆனால் உங்களுக்கு வட்டி கிடைக்காது."

இதைத்தான் அவருக்கு விளக்க முடியவில்லை. 2015 ஜனவரியிலிருந்து 2022 ஜூன் வரை சுவிஸ் தேசிய வங்கியின் வட்டி மைனஸ் 0.75 சதவீதம். அதாவது பணம் வைப்பவன் வட்டி கட்ட வேண்டும். பிறகு விலைவாசி ஏறியதும் ஓராண்டுக்குள் படிப்படியாக 1.75 வரை உயர்ந்தது. 2024 மார்ச்சில் மறுபடி இறங்கத் தொடங்கி 2025 ஜூனில் பூஜ்யத்தில் வந்து நிற்கிறது. ஓர் ஊர் வங்கிக்குப் பூஜ்யம் நல்ல செய்தியில்லை. அது வாழ்வது வாங்கும் வட்டிக்கும் கொடுக்கும் வட்டிக்கும் உள்ள இடைவெளியில். வீட்டுக் கடனின் வட்டி இறங்கிக்கொண்டே வரும். சேமிப்புக் கணக்கின் வட்டியைப் பூஜ்யத்துக்குக் கீழே இறக்கினால் பாட்டிமார் எல்லாரும் காசை எடுத்துத் தலையணைக்குள் வைத்துவிடுவார்கள். ஒரு சுவர் நகர்கிறது, மறு சுவர் நகர்வதில்லை. நடுவில் இருக்கும் வங்கிக்கு இடம் சுருங்குகிறது. 2022க்குப் பிறகு வட்டி ஏறியபோது அதே இடைவெளி திடீரென்று அகன்றது. கன்டோன் வங்கிகள் நல்ல லாபம் காட்டின. அதில் வங்கியின் சாமர்த்தியத்தைவிட வட்டியின் பங்குதான் அதிகம்.

இந்தக் கன்டோனில் இன்னொரு கணக்கும் உண்டு: தண்ணீர். சுவிட்சர்லாந்தின் நீர்மின்சாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கிராவ்புண்டன் மலைகளிலிருந்து வருகிறது. ஆற்றைப் பயன்படுத்தும் மின் நிறுவனம் அந்தந்த ஊராட்சிக்கும் கன்டோனுக்கும் ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். ஜெர்மன் மொழியில் அதன் பெயர் வாஸர்ட்சின்ஸ். ட்சின்ஸ் என்றால் வட்டி; வாடகைக்கும் அதே சொல். ஆக, தண்ணீர் வட்டி. 2015 முதல் அதன் உச்சவரம்பு ஒரு கிலோவாட் திறனுக்கு 110 பிராங்க். மின்சார விலை ஏறினாலும் இறங்கினாலும் இந்தத் தொகை மாறாது. இந்தக் கன்டோனில் மட்டும் ஆண்டுக்கு 100 மில்லியன் பிராங்குக்கு மேல் இப்படி வருகிறது. பள்ளிக்கூடம், பனி அள்ளும் வண்டி, தீயணைப்பு நிலையம் எல்லாம் அதில்தான் ஓடும் சில பள்ளத்தாக்கு ஊர்கள் இருக்கின்றன. அந்த ஊர்களில்தான் வங்கி வீட்டுக் கடன் கொடுக்கிறது. அந்த ஊர்கள் தேய்ந்தால் அடமானமாக இருக்கும் வீடுகளின் விலையும் தேயும்.

பெரிய அணைகளுக்கான பணம் பெரும்பாலும் கடன்பத்திரச் சந்தையிலிருந்து வருவதால், மின்சாரம் ஓர் ஊர் வங்கியின் ஏட்டில் நேராகப் பெரிதாகத் தெரியாது. ஆனால் வங்கிக்கு உத்தரவாதம் கொடுக்கும் கன்டோனின் வருமானமும், வங்கியிடம் கடன் வாங்கியவனின் ஊர் வருமானமும் ஒரே தண்ணீரிலிருந்து வருகின்றன. எங்கள் தொழிலில் இதை ஒரே கூடையில் இருக்கும் ஆபத்து என்று குறித்துக்கொள்வோம். அண்ணைக்கு நான் சொன்னது, ஜாமீன் போடுகிறவனும் கடன்காரனும் ஒரே கிணற்றில் இறைக்கிறார்கள் என்று. அது அவருக்கு உடனே புரிந்தது.

தண்ணீர் என்றால் பாதுகாப்பு என்று இந்த நாட்டில் ஒரு நம்பிக்கை உண்டு. 2016 வாக்கில் ஐரோப்பாவில் மொத்த மின்சார விலை ஒரு மெகாவாட்-மணிக்கு 30 யூரோவுக்கும் கீழே போனபோது அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. அல்பிக் நிறுவனம் தன் நீர்மின் நிலையங்களில் 49 சதவீதத்தை விற்க முன்வந்தது. ஆறு ஆண்டு கழித்து, 2022இல், விலை எங்கேயோ உச்சிக்குப் போனபோது வேறு ஒரு வேடிக்கை நடந்தது. வடகிழக்குக் கன்டோன்களுக்குச் சொந்தமான ஆக்ஸ்போ நிறுவனம், மின்சாரத்தை முன்கூட்டியே பழைய விலைக்கு விற்றிருந்தது. சந்தை விலை ஏற ஏற, ஒப்பந்தத்துக்குப் பிணையாக ரொக்கம் கொண்டுவந்து வை என்று கேட்டார்கள். நஷ்டமில்லை, மின்சாரம் இருக்கிறது, கையில் ரொக்கம் மட்டும் இல்லை. அந்த செப்டம்பரில் மத்திய அரசு 4 பில்லியன் பிராங்க் கடன் வசதி திறந்துவிட்டது. கடைசியில் ஆக்ஸ்போ அதைத் தொடவே இல்லை. ஆனால் அந்த வாரம் சூரிச்சில் ஒரு கூட்ட அறையில் என்னுடன் உட்கார்ந்திருந்த இடர் கணக்காளர்களின் முகம் எனக்கு மறக்காது. விலை விழுந்தாலும் ஆபத்து, ஏறினாலும் ஆபத்து என்று அவர்களுடைய மென்பொருளில் யாரும் எழுதியிருக்கவில்லை.

இவ்வளவும் அண்ணையின் முதல் கேள்விக்கான பதில். காப்பி ஆறிப்போன பிறகு அவர் இரண்டாவது கேள்வியைக் கேட்டார்.

"சரி தம்பி. நான் குடுக்கிற காசு அங்க என்ன செய்யுது?"

சீட்டில் இந்தக் கேள்வியே எழாது. ஏலச்சீட்டில் யார் தள்ளி எடுத்தார்கள், எதற்கு எடுத்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். கலியாணத்துக்கு, கடை முன்பணத்துக்கு, கொழும்பில் மாட்டிக்கொண்ட தம்பியை மீட்க. அது தெரிவதால்தான் சீட்டு சின்னதாகவே இருக்கிறது, அடிக்கடி உடையவும் செய்கிறது. வங்கி இந்தத் தெரிதலை அறுத்துவிடுகிறது. என் பிராங்கும் உங்கள் பிராங்கும் கலந்து, எது எங்கே போனது என்று யாராலும் சொல்ல முடியாமல் ஆகிறது. அப்படிக் கலந்தால்தான் முன்பின் தெரியாதவனுக்கு 20 வருடக் கடன் கொடுக்க முடியும். நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். என் வீடும் அப்படிப்பட்ட கடனில்தான் நிற்கிறது.

ஆனால் அதற்குமேல் ஓர் உத்தரவாதமும் வரும்போது, பார்க்க வேண்டிய கடைசிக் காரணமும் போய்விடுகிறது. வங்கி எங்கே கடன் கொடுத்தாலும் என் பணம் பத்திரம் என்றால் நான் ஏன் பார்க்க வேண்டும்? சேமிப்புக் கணக்கில் நாம் வாங்குவது வட்டியை என்று நினைக்கிறோம். வட்டி பூஜ்யமான பிறகும் யாரும் கணக்கை மூடவில்லை. அப்படியானால் நாம் வாங்கிக்கொண்டிருப்பது வேறெதையோ. பார்க்காமல் இருக்கும் வசதி அது என்று எனக்குத் தோன்றுகிறது. நானும் 15 வருடங்களுக்கு மேலாக அதை வாங்கி வருகிறேன்.

அண்ணையுடன் வேலை செய்த சுவிஸ்காரர் ஒருவர் வேறொரு வழி சொல்லியிருந்தார்: வங்கியின் பங்கேற்புச் சான்றிதழை வாங்கு. பார்ட்டிட்சிபாட்சியோன்ஸ்ஷைன் என்று நாக்கைச் சுளுக்கும் பெயர். சூரிச் பங்குச் சந்தையில் விற்கிறது. லாபத்தில் பங்கு வரும். விலை இறங்கினால் நஷ்டம் உங்களுடையது, உத்தரவாதம் இதற்குக் கிடையாது. எல்லாம் பங்கு போலவே, ஒன்றைத் தவிர. இதற்கு வாக்கு கிடையாது. வங்கியை யார் நடத்துவது, எந்த வழியில் நடத்துவது என்பதில் சான்றிதழ்காரன் கை தூக்க முடியாது.

நான் இதை விளக்கியதும் அண்ணை முதல் தடவையாகச் சிரித்தார். "அப்ப அது நான்தானே," என்றார்.

அவரிடம் சி அனுமதி இருக்கிறது, குடியுரிமை இல்லை. மொழித் தேர்வுக்குப் போக வெட்கப்பட்டு விட்டுவிட்டார். வரி கட்டினார், பென்சன் கட்டினார், இரண்டு பிள்ளைகளை இந்த நாட்டுக்குக் கொடுத்தார். வாக்கு மட்டும் இல்லை.

எனக்கும் 2019 வரை இல்லை. அந்தக் காலத்தில் நடந்த ஒன்று இன்றும் என்னை உறுத்துகிறது. பொஸ்கியாவோ பள்ளத்தாக்கில் தலைமையகம் கொண்ட ரிபவர் என்ற மின் நிறுவனம், அப்போது பெரும்பான்மை கன்டோனுக்குச் சொந்தமானது, இத்தாலியின் தென்கோடியில் கலாப்ரியாவின் சலீனே யோனிக்கே என்ற கடற்கரை ஊரில் 1,320 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் கட்டத் திட்டமிட்டது. மலைத்தண்ணீரில் சம்பாதித்த பெயரும் பணமும், இன்னொரு கடற்கரையில் கரிப்புகையாக. கலாப்ரியாவின் ஊர்க்காரர்களுக்குக் கிராவ்புண்டனில் வாக்கு இல்லை. ஆனாலும் 2013 செப்டம்பர் 22 அன்று, கன்டோனுக்குப் பங்குள்ள நிறுவனங்கள் நிலக்கரியில் முதலிடக் கூடாது என்ற மக்கள் முன்மொழிவு, கன்டோன் அரசு ஆதரிக்காதபோதும் வென்றது. நிறுவனம் அந்தத் திட்டத்திலிருந்து வெளியேறியது.

அன்று நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். சுவரொட்டிகளைக் கடந்து அலுவலகத்துக்குப் போய்வந்தேன். எனக்கு வாக்கு இல்லை, எனவே கேள்வியும் இல்லை என்று இருந்தேன். என் சேமிப்பு அந்தக் கன்டோனின் வங்கியில் இருந்தது, என் வரி அந்தக் கன்டோனின் கஜானாவில் இருந்தது. பணத்துக்கு அனுமதிப் பத்திரம் கேட்கப்படவில்லை. குரல் இல்லாதவனுக்குப் பொறுப்பு குறைவு என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். தீர்மானிக்க முடியாததற்கு ஒருவனைக் குற்றம் சொல்வது அநியாயம். ஆனால் எனக்குக் குறைந்தது வாக்குதான். கேட்கும் வாயும் வாசிக்கும் கண்ணும் எனக்கு இருந்தன. புலம்பெயர்ந்தவர்களாகிய நமக்கு இதில் ஒரு சுகம் இருக்கிறது. 'இது அவர்களுடைய நாடு, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்' என்று சொல்லும்போது அடக்கமாக ஒலிக்கிறது. அதற்குள் பாதி சோம்பல்.

வாக்கே இல்லாத இன்னொரு கூட்டம் இருக்கிறது: பிறக்காதவர்கள். அவர்கள் விஷயத்தை வட்டி விகிதம்தான் தீர்மானிக்கிறது.

ஓர் அணைக்கு எரிபொருள் செலவு இல்லை. அதன் செலவில் பெரும்பகுதி கட்டும்போது வாங்கிய கடன். 100 மில்லியன் பிராங்க் கடனை 80 வருடத்தில் ஒரே அளவான தவணையாக அடைக்க, 1 சதவீத வட்டியில் ஆண்டுக்கு 1.8 மில்லியன் போதும். 4 சதவீதத்தில் 4.2 மில்லியன். அதே மலை, அதே தண்ணீர், அதே சுவர். வட்டி மட்டும் மாறினால் ஒரு தலைமுறை 'கட்டலாம்' என்றும் அடுத்த தலைமுறை 'கட்டுப்படியாகாது' என்றும் சொல்லும்.

இதையே திருப்பிப் பாருங்கள். 80 வருடம் கழித்து என் பேத்திக்குக் கிடைக்கப்போகும் 1 பிராங்க், இன்றைய கணக்கில் என்ன பெறும்? 4 சதவீதத்தில் 4 ராப்பன். 1 சதவீதத்தில் 45 ராப்பன். பூஜ்யத்தில் முழு பிராங்க். மைனஸ் வட்டி இருந்த அந்த ஏழு வருடங்களில், கணக்கின்படி, அவள் என்னைவிட மதிப்பு மிக்கவளாக இருந்தாள். இதை எந்த மக்களும் விவாதித்து முடிவு செய்யவில்லை. பிராங்கின் மாற்று விலையைப் பிடித்து வைக்க ஒரு மத்திய வங்கி எடுத்த முடிவின் பக்கவிளைவு அது.

பிரிட்டிஷ் தத்துவவாதி பிராங்க் ராம்சி 1928இல், தன் 25 வயதில், சேமிப்பைப் பற்றிய ஒரு கட்டுரையில் இதைத் தொட்டார். பின்னால் வருபவர்களின் இன்பத்தை, பின்னால் வருகிறது என்ற ஒரே காரணத்துக்காகக் குறைத்து மதிப்பிடுவதற்கு அறத்தில் இடமில்லை, அது நம் கற்பனையின் பலவீனம் என்பது அவர் கருத்து. 2006இல் நிக்கோலஸ் ஸ்டெர்ன் பருவநிலை மாற்றத்தின் செலவைக் கணக்கிட்டபோதும் இதே சண்டைதான். அவர் குறைந்த தள்ளுபடி விகிதம் எடுத்தார், உடனே செலவிட வேண்டும் என்று வந்தது. வில்லியம் நோர்தவுஸ் உயர்ந்த விகிதம் எடுத்தார், மெதுவாகப் போகலாம் என்று வந்தது.

நான் நிறுவும் மென்பொருளில் இந்த விகிதம் ஒரு சின்னப் பெட்டி. காலையில் சந்தையிலிருந்து தானாக வந்து நிரம்பிவிடும். யாரும் தட்டச்சு செய்வதில்லை, அதனால் யாரும் தீர்மானித்ததாகவும் தெரிவதில்லை. வங்கிக்கு அந்த எண் சரிதான். வங்கி நாளை காலை கடன் வாங்க வேண்டிய விலை அதுதான். ஆனால் அதே எண்ணை எடுத்துக்கொண்டு போய் ஒரு பள்ளத்தாக்கின் 80 வருடத்தை அளக்கும்போது அதன் தகுதி தீர்ந்துவிடுகிறது என்பது என் எண்ணம். ராம்சியோடு நான் முழுவதும் உடன்படவில்லை. இன்றைய ஏழைக்கும் நாளைய பணக்காரப் பேத்திக்கும் இடையே தேர்ந்தெடுக்க வேண்டி வந்தால் நான் ஏழையின் பக்கம். ஆனால் அந்தத் தேர்வை மனிதர்கள் வாய்விட்டுச் செய்ய வேண்டும். பெட்டிக்குள் தானாக விழும் ஓர் எண் செய்யக் கூடாது.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, அண்ணை வேலை செய்த ஹோட்டலில் அவருடைய கத்திகளையும் சில பாத்திரங்களையும் எடுத்து வருவதற்காக பீவியோ வரை போனோம். கூரிலிருந்து லென்சர்ஹைடே, சவோக்னின் வழியாக யூலியர் கணவாய் நோக்கி ஏறும் மஞ்சள் தபால் பேருந்து. பீவியோவுக்குக் கொஞ்சம் முன்னால் வலதுபுறம் மர்மொரேரா ஏரி வரும். அதன் அடியில் பழைய மர்மொரேரா ஊர் இருக்கிறது. சூரிச் நகரத்துக்கு மின்சாரம் வேண்டியிருந்தது. 1948இல் ஊர் கூடி வாக்களித்தது. மிகப் பெரும்பான்மை 'ஆம்'. 1954இல் அணை முடிந்து தேவாலயத்தையும் வீடுகளையும் தண்ணீர் மூடியது. ஊர் மேலே புதிதாகக் கட்டப்பட்டது.

மேட்டூர் அணையில் தண்ணீர் வற்றும்போது பண்ணவாடியில் பழைய நந்தி தலைகாட்டும். சின்ன வயதில் அதைப் பார்க்கக் கூட்டிப்போயிருக்கிறார்கள். அதனால் மூழ்கிய ஊர் எனக்குப் புதிதில்லை. அண்ணைக்குத்தான் அந்த ஏரி வேறு மாதிரி. பனிக்கும் வெயிலுக்கும் அதைக் கடந்துதான் அவர் வேலைக்குப் போயிருக்கிறார்.

"அந்தச் சனத்தைக் கேட்டவையோ?" என்றார்.

"கேட்டார்கள். வாக்கெடுப்பு நடந்தது."

"பொம்பிளையளையும் கேட்டவையோ?"

இல்லை. இந்தக் கன்டோனில் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது 1972இல். ஊரின் பாதிப் பேர், தங்கள் அடுப்படி தண்ணீருக்குள் போவதைப் பற்றிக் கேட்கப்படவில்லை. கேட்கப்பட்ட ஆண்களும் ஏழைகள். எதிரே நின்றது சூரிச். அந்த 'ஆம்' எவ்வளவு தூரம் சம்மதம்? இதே கன்டோனில், அதே காலத்தில், ரைன்வால்ட் பள்ளத்தாக்கின் ஸ்ப்ளூகன், மேடல்ஸ், நுஃபேனன் ஊர்கள் 'இல்லை' என்றன. மின் நிறுவனங்கள் மேல்முறையீடு செய்தும், 1946இல் மத்திய அரசு ஊர்களின் பக்கமே நின்றது. ஸ்ப்ளூகன் இன்றும் தரையில் இருக்கிறது. ஆக, மறுப்பது சாத்தியமாகத்தான் இருந்தது. எல்லா ஊருக்கும் அதற்கான வசதி இருந்ததா என்பது வேறு விஷயம்.

"மயிலிட்டியில ஒருத்தரும் கேக்கேல்லை," என்றார் அண்ணை. 1990 ஜூனில் அவருடைய அம்மாவும் தங்கைகளும் கட்டிய துணியோடு ஓடினார்கள். பிறகு அது உயர் பாதுகாப்பு வலயம். 2017 ஜூலையில் துறைமுகமும் சுற்றியுள்ள கொஞ்ச நிலமும் விடப்பட்டன. அவருடைய வீடு இருந்த இடத்தில் சுவரின் அடிக்கல் வரிசை மட்டும் இருந்ததாகத் தங்கை படம் அனுப்பினாள்.

நான் பேச்சை மாற்றுவதற்காக ஹைம்ஃபால் பற்றிச் சொன்னேன். 1916ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆற்றைப் பயன்படுத்தும் உரிமை அதிகபட்சம் 80 வருடங்களுக்குத்தான். அது முடிந்ததும் அணை, சுரங்கம், சுழலி எல்லாம் ஊராட்சிக்கும் கன்டோனுக்கும் இலவசமாகத் திரும்பி வரும். மின் கருவிகளுக்கு மட்டும் நியாயமான விலை. கிராவ்புண்டனின் பெரிய உரிமங்களில் பல 2030களிலிருந்து 2050 வரைக்குள் முடிகின்றன. கன்டோன் அவற்றில் பெரும் பங்கைத் தானே வைத்துக்கொள்ள விரும்புகிறது. அதற்குப் பெரும் பணம் வேண்டும், வட்டி என்ன என்பது மறுபடி முக்கியமாகும், வங்கியின் எதிர்காலத்தை எழுதும்போது இதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன். அவர் அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டார்.

"ஹைம் எண்டால் வீடு. ஃபால் எண்டால் விழுறது."

"ஆமாம். வீடு வந்து சேர்வது."

"80 வரியத்தில வீடு வந்து சேரும் எண்டு எழுதிக் குடுத்திருக்கினம்," என்றார். ஏரி பின்னால் போய்விட்டது.

திரும்பி வரும்போது அவர் முடிவைச் சொன்னார். பெரும்பகுதியைச் சேமிப்புக் கணக்கிலேயே வைக்கப் போகிறார். பிள்ளைகளுக்குக் கரைச்சல் வரக்கூடாது. கொஞ்சத்துக்கு அந்த வாக்கில்லாப் பங்கு. லாபத்துக்காகவா என்று கேட்டேன். ஆண்டறிக்கையை வீட்டுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாமாம். மகளை வாசிக்கச் சொல்லி, காசு எங்கே நிற்கிறது என்று கேட்டுக்கொள்ளலாமாம். அறிக்கை இணையத்திலேயே கிடைக்கிறது, அதற்காகக் காசு போட வேண்டியதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

மர்மொரேரா அணை திரும்ப வந்தது. அவர் கண்ணாடியில் விரலை வைத்துக் காட்டினார். "இதை இன்னும் உயத்தப்போகினமாம், உண்மையோ?"

உண்மை. இன்னும் கட்டவில்லை, திட்டம்தான். குளிர்கால மின்சாரத்துக்காக முன்னுரிமை தரப்பட்ட 16 நீர்மின் திட்டங்களில் இந்த அணையை உயர்த்துவதும் ஒன்று. அந்தப் பட்டியல் புதிய மின்சாரச் சட்டத்தில் இருந்தது. சட்டம் 2024 ஜூன் 9 அன்று மக்கள் வாக்கெடுப்புக்கு வந்து, மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலான ஆதரவோடு நிறைவேறியது. இதையெல்லாம் வரிசையாக அவருக்குச் சொன்னேன்.

"நீர் என்ன போட்டனீர்?" என்றார்.

வாக்குச் சீட்டு வந்த சாம்பல் நிற உறை எங்கள் வீட்டு ஹாலில் செருப்பு அலமாரியின் மேல் மூன்று வாரம் கிடந்தது. அந்த மாதம் பெர்னில் ஒரு வங்கிக்குப் புதிய மென்பொருள் மாற்றும் வேலை. கையெழுத்துப் போட்டுத் தபால்பெட்டியில் போட வேண்டியதுதான் பாக்கி. 9ஆம் தேதி மாலை முடிவு வந்த பிறகு அதை எடுத்து, பழைய காகிதங்களோடு கட்டி வெளியே வைத்தேன்.

"போடேல்லை அண்ணை," என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. மடியில் இருந்த கத்திப் பையைச் சரிசெய்துகொண்டார். பேருந்து சவோக்னின் பக்கம் இறங்கத் தொடங்கியது.